நிலைப்படியைத் தாண்டிய சட்டம்

வீட்டு நிலைப்படிக்கு நாம் தரும் மரியாதை பெரிது. குருத்து ஞாயிறன்று மந்திரித்து வாங்கிய ஓலைச் சிலுவையை நிலைக்கு மேலே செருகிவைக்கிறோம். புது வீடு கட்டினால் பங்குத்தந்தையை அழைத்து, நிலைக்காலில் தீர்த்தம் தெளித்து, இறைவனின் அமைதி இவ்வில்லத்தில் தங்குக என்று செபிக்கச் சொல்கிறோம். அத்தோடு எழுதப்படாத ஒரு சட்டத்தையும் அந்த நிலைப்படிக்கு நாமே விதித்திருக்கிறோம். அதற்கு உள்ளே நடப்பதைப் பற்றி வெளியார் வாய் திறக்கலாகாது என்பதே அச்சட்டம்.

குற்றாலச் சாரல் வீசும் இலத்தூராயினும், தென்காசி நகராயினும் இதில் வேறுபாடில்லை. இரவில் ஒரு வீட்டிலிருந்து பெண்ணின் அலறல் எழுந்தால் அடுத்த வீட்டில் கதவு சாத்தப்படும். மறுநாள் அவள் கன்னம் வீங்கியிருப்பதைக் கண்டவர்கள், "புருசன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதற்கு?" என்று நகர்ந்துவிடுவார்கள். கேட்டால், கதவில் இடித்துக்கொண்டேன் என்று அவளும் சொல்வாள். 2019-21 காலத்தில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் ஏறத்தாழ 38 சதவீதத்தினர் கணவரின் வன்முறைக்கு ஆளானவர்கள். இந்திய அளவில் இது 29 சதவீதம். இத்தகைய வன்முறையை அனுபவித்த இந்தியப் பெண்களுள் பிறரிடம் உதவி நாடியவர்கள் சுமார் 14 சதவீதத்தினரே.

சட்டமும் நெடுங்காலம் அடுத்த வீட்டாரைப் போலவே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. அது நிலைப்படியைத் தாண்டி உள்ளே வர எத்தனை ஆண்டுகள் பிடித்தன, கிறிஸ்தவப் பெண்ணின் வீட்டிற்கு ஏன் அவ்வளவு தாமதமாக வந்தது, இடைப்பட்ட காலத்தில் நமது திருச்சபைச் சட்டம் உண்மையில் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

1869: இரட்டைச் சான்று கேட்ட சட்டம்

இந்தியக் கிறிஸ்தவர்களின் மணவாழ்வைக் குறித்து ஆங்கில அரசு இயற்றிய சட்டங்களில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, 1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம். மற்றொன்று, அதற்கு மூன்றாண்டுகள் முந்திய 1869-ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டம். பின்னதன் 10-ஆவது பிரிவே நம் கதையின் தொடக்கம்.

அப்பிரிவின்படி, மனைவி விபசாரம் செய்தாள் என்று மெய்ப்பித்தாலே கணவன் மணமுறிவு பெறலாம். மனைவிக்கு அது போதாது. கணவன் விபசாரம் செய்ததோடு, அவளைக் கொடுமைப்படுத்தினான் என்றோ, இரண்டாண்டுகளுக்குக் குறையாமல் கைவிட்டான் என்றோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். கணவன் நாள்தோறும் அடித்து எலும்பை முறித்தாலும், அவன் வேறொரு பெண்ணை நாடாத வரையில் அவளுக்கு அந்தப் பிரிவில் இடமில்லை. ஒரு குற்றத்திற்கு நியாயம் கேட்க வந்தவளிடம், இன்னொரு குற்றத்தையும் கொண்டு வா என்று சொல்லிய சட்டம் அது.

அச்சட்டத்தில் வேறு விந்தைகளும் இருந்தன. மனைவியோடு தவறு செய்த ஆடவனிடம் கணவன் நட்டஈடு கேட்கலாம். கணவனோடு தவறு செய்த பெண்ணிடம் மனைவி அவ்வாறு கேட்க வழியில்லை. மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதிய மனப்பான்மை இதில் வெளிப்படையாகவே தெரிகிறது. வழக்கு நடக்கும் காலத்தில் மனைவிக்குக் கிடைக்கும் இடைக்கால வாழ்க்கைப்படியும் கணவனின் நிகர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கிற்கு மேற்படக் கூடாது. வீட்டை விட்டுப் போனவளைத் திரும்பி வரச் சொல்லுமாறு கணவன் நீதிமன்றத்தை நாடவும் அதில் பிரிவு உண்டு.

இவையெல்லாம் கிறிஸ்தவ மறையிலிருந்து வந்தவை என்று எண்ணுவோர் உளர். அது தவறு. இங்கிலாந்தின் பாராளுமன்றம் 1857-இல் இயற்றிய மணவழக்குச் சட்டத்தின் நகலே இது. அந்த இங்கிலாந்திலேயே இதனைக் கேள்வி கேட்டவர்கள் எழுந்தார்கள். பிரான்செஸ் பவர் காப் என்ற பெண்மணி, மனைவியர் மீது நிகழும் சித்திரவதைகளைத் தொகுத்து 1878-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதே ஆண்டில் அங்கே ஒரு சட்டம் வந்தது. மனைவியைக் கடுமையாகத் தாக்கிய குற்றத்திற்காகக் கணவன் தண்டிக்கப்பட்டால், அவள் அவனோடு சேர்ந்து வாழத் தேவையில்லை என்று நடுவர் ஆணையிடலாம் என்று அது கூறியது. 1923-இல் மனைவியிடம் இரட்டைச் சான்று கேட்கும் வழக்கத்தையே இங்கிலாந்து கைவிட்டது. 1937-இல் கொடுமை மட்டுமே மணமுறிவுக்குப் போதும் என்றும் ஒப்புக்கொண்டது. இந்தியாவிலோ நகல் அப்படியே நின்றது. மூலத்தைத் திருத்தியவர்கள் நகலை மறந்துபோனார்கள்.

அச்சட்டம் பிறந்த காலத்தில் நம் தமிழகத்தில் கத்தோலிக்கர் ஒருவர் மாவட்ட முன்சீப்பாக நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தார் என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) தமிழின் முதல் புதினத்தை எழுதியவர் என்று நாம் அறிவோம். ஆங்கிலத்தில் கிடந்த நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து 1862-இல் வெளியிட்டவரும் அவரே. மக்களை ஆளும் சட்டம் மக்களின் மொழியில் இருக்க வேண்டும் என்று கருதிய அவர், பெண் கல்விக்காகவும் ஓயாது எழுதினார். தன்னைக் காக்கும் சட்டம் இன்னதென்று அறியாத பெண்ணுக்குச் சட்டம் இருந்தும் இல்லாததே என்ற அந்த உண்மை, ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் பழையதாகிவிடவில்லை.

பந்தியும் படுக்கையும்

அந்த 10-ஆவது பிரிவின் சொற்களுக்குள் ஒரு பழைய இலத்தீன் தொடர் ஒளிந்திருந்தது. எத்தகைய கொடுமை என்பதை விளக்கும்போது, "பந்தியிலிருந்தும் படுக்கையிலிருந்தும் பிரிவு" பெற எது போதுமோ அத்தகைய கொடுமை என்று அது குறித்தது. இத்தொடர் இடைக்காலத் திருச்சபை நீதிமன்றங்களுக்கு உரியது. திருமணப் பிணைப்பு முறியாமலே, கணவனும் மனைவியும் ஒரு கூரையின் கீழ் வாழும் கடமையிலிருந்து விடுபடுவதை அது குறிக்கும். கொடுமைக்கு ஆளானவர் இவ்வாறு பிரிந்து வாழலாம் என்பது திருச்சபை பல நூற்றாண்டுகளாக ஏற்றுவந்த நெறி.

திரெந்துப் பொதுச்சங்கம் 1563-இல் திருமணத்தின் முறிவுபடாத் தன்மையை உறுதியாக அறிக்கையிட்டது. அதே அமர்விலேயே, பல காரணங்களுக்காகத் தம்பதியர் காலவரையறையோடோ வரையறையின்றியோ பிரிந்து வாழலாம் என்று திருச்சபை கூறுவதைத் தவறு என்போரைக் கண்டித்தது. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு இதனை எழுத்தில் வடித்தது. இரண்டாம் ஜான் பால் 1983 சனவரியில் வெளியிட்ட இன்றைய தொகுப்பு 1153-ஆம் எண்ணில் இன்னும் தெளிவாகச் சொல்கிறது. கணவன் மனைவியருள் ஒருவர் மற்றவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலிலும் உள்ளத்திலும் பேராபத்து விளைவித்தால், அல்லது சேர்ந்து வாழ்வதை மிகக் கடினமாக்கினால், மற்றவர் பிரிந்து செல்ல அதுவே முறையான காரணம். ஆயரின் ஆணை பெற்றுப் பிரியலாம். தாமதித்தால் ஆபத்து எனில், எவருடைய ஆணைக்கும் காத்திராமல் தாமாகவே பிரியலாம். காரணம் நீங்கிய பின்னர் மீண்டும் சேர்ந்து வாழும் கடமையையும், திருச்சபை அதிகாரம் வேறு விதமாகத் தீர்மானித்தாலன்றி, அதே எண் நினைவூட்டுகிறது.

இதனை நம்முள் எத்தனை பேர் அறிவோம்? அடிபட்ட மகள் கைக்குழந்தையோடு தாய்வீட்டிற்கு வந்து நின்றால், "கோவிலில் வைத்துக் கட்டிய தாலி, பொறுத்துப் போ அம்மா" என்று சொல்லி அன்றைக்கே பேருந்து ஏற்றிவிடும் பெற்றோர் பலர். தம் மகள் திருவருட்சாதனத்தை மீறிவிடுவாளோ என்பது அவர்களது அச்சம். அவர்கள் அஞ்சும் விதி திருச்சபையின் ஏட்டில் இல்லை. உயிரைக் காத்துக்கொள்ளக் கணவனின் வீட்டை விட்டு வெளியேறும் மனைவி எந்தத் திருவருட்சாதனத்தையும் உடைப்பதில்லை. அவளது திருமணப் பிணைப்பு அப்படியே இருக்கிறது. மறுமணம் என்ற கேள்வி வேறு. பாதுகாப்பு என்ற கேள்வி வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால் நம் பெண்கள் பட்ட துன்பம் சொல்லி முடியாது.

பொறுமைக்கு எடுத்துக்காட்டாகப் புனித மோனிக்காவைச் சொல்வது நம் வழக்கம். அவருடைய மகன் புனித அகுஸ்தீன் தம் "அறிக்கைகள்" நூலில் அன்றைய வட ஆப்பிரிக்க ஊரின் நிலையை விவரிக்கிறார். சாந்தமான கணவரை உடைய பெண்கள்கூட முகத்தில் அடிபட்ட தழும்போடு உலவினார்களாம். முன்கோபியான பத்திரிசியுவின் மனைவியோ அவ்வாறு அடிபட்டதில்லை என்று ஊரார் வியந்தார்களாம். மோனிக்கா தம் தோழியருக்குச் சொன்ன வழி, கணவர் சினந்திருக்கையில் எதிர்த்துப் பேசாதிருங்கள் என்பதே. நான்காம் நூற்றாண்டில், முறையிட ஓரிடமும் இல்லாத பெண்களுக்கு ஓர் அறிவார்ந்த பெண் சொன்ன தற்காப்பு வழி அது. புகலிடம் இல்லாத காலத்தின் உபாயத்தைப் புகலிடம் உள்ள காலத்தின் கட்டளையாக்குவது அப்புனிதைக்கு நாம் செய்யும் நியாயமாகாது.

ஒரு திருவருகைக் காலம்

திருச்சபையின் புதிய சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்த நாள் 1983 நவம்பர் 27. அது திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அதற்குச் சரியாக நான்கு வாரங்கள் கழித்து, கிறிஸ்து பிறப்பு விழா நாளான டிசம்பர் 25 அன்று, இந்திய நாட்டின் தண்டனைச் சட்டத்தில் 498-ஏ என்ற புதிய பிரிவு நடைமுறைக்கு வந்தது. திட்டமிடாது நேர்ந்த பொருத்தமே எனினும் சிந்தனைக்கு உரியது.

1860-ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் அடிப்பதும் காயப்படுத்துவதும் முன்பே குற்றங்கள்தாம். அடித்தவன் கணவன் என்பதால் விலக்கு என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆயினும் மனைவி காவல் நிலையம் சென்றால், "குடும்ப விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுவதே வழக்கமாயிருந்தது. 498-ஏ பிரிவு, கணவனோ அவனுடைய உறவினரோ இழைக்கும் கொடுமையைத் தனிக் குற்றமாகப் பெயரிட்டது. மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதித்தது. உடற்கொடுமையோடு மனக்கொடுமையையும், சீதனம் கேட்டுத் துன்புறுத்துவதையும் அதில் சேர்த்தது. 1986-இல் வரதட்சணைச் சாவு என்ற குற்றம் சேர்க்கப்பட்டது. மணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இயல்புக்கு மாறாக இறந்து, அதற்குச் சற்று முன்னர் வரதட்சணைக்காக அவள் துன்புறுத்தப்பட்டதும் தெரிந்தால், சட்டம் கணவன் வீட்டாரை நோக்கி விரல் நீட்டியது. 1992-இல் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. பின்னர் தென்காசி போன்ற ஊர்களுக்கும் அவை வந்தன. ஆண் காவலரிடம் சொல்லக் கூசியதைச் சொல்ல ஓரிடம் கிடைத்தது.

2024 சூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. 498-ஏ என்ற எண் மறைந்து, அதன் பொருள் 85, 86 ஆகிய பிரிவுகளில் தொடர்கிறது.

மலைக்கு மேற்கும் கிழக்கும்

குற்றவியல் சட்டம் இவ்வாறு முன்னேறியபோதும், கிறிஸ்தவப் பெண்ணின் மணவழக்கு 1869-லேயே நின்றது. 1953-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் இப்பிரிவு அரசியல் சட்டத்தின் சமத்துவ நெறிக்கு முரணானது என்று வாதிக்கப்பட்டது. நீதிபதி பஞ்சாபகேச ஐயர் அதை ஏற்கவில்லை. மனைவி தவறினால் பிறக்கும் குழந்தையைக் கணவன் காக்க வேண்டிவரும், கணவன் தவறினால் மனைவிக்கு அச்சுமை இல்லை, ஆகவே வேறுபாடு நியாயமே என்பது அவர் கண்ட காரணம். அடிபடும் உடலின் வலி அந்தக் கணக்கில் இடம்பெறவில்லை.

மத்தியச் சட்ட ஆணையம் 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் தந்த அறிக்கைகளிலும், பின்னர் 1983-இல் தந்த 90-ஆவது அறிக்கையிலும் இச்சட்டத்தைத் திருத்துமாறு பரிந்துரைத்தது. 1985-இல் ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் வழக்கை விசாரித்த உச்சநீதிமன்றம், மணச் சட்டங்களைச் சீரமைக்கும் காலம் வந்துவிட்டது என்று பாராளுமன்றத்திற்கு நினைவூட்டியது. அறிக்கைகள் அலமாரியில் அடுக்கப்பட்டன. சிறுபான்மையினரின் சொந்தச் சட்டத்தில் கைவைக்க அரசுக்குத் தயக்கம். மணமுறிவு என்ற சொல்லைக் கேட்டாலே நமக்கும் தயக்கம். இவ்விரு தயக்கங்களுக்கும் இடையே பெண்கள் காத்திருந்தார்கள்.

1995-இல் கேரள உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு துணிந்து ஒரு தீர்ப்பளித்தது. கொடுமை செய்யும் கணவனோடு வாழுமாறு ஒரு மனைவியைக் கட்டாயப்படுத்துவது அவளது மாண்புக்கும், அரசியல் சட்டம் தரும் வாழ்வுரிமைக்கும் எதிரானது என்று கூறி, இரட்டைச் சான்று கேட்கும் சொற்களை அது நீக்கியது. 1997-இல் பம்பாய் உயர்நீதிமன்றமும் அவ்வழி சென்றது. நமது பகுதியிலிருந்து பார்த்தால் இதன் பொருள் நன்கு விளங்கும். ஆரியங்காவுக் கணவாய்க்கு மேற்கே புனலூரில் வாழ்ந்த பெண்ணுக்குக் கொடுமை மட்டுமே போதிய காரணம் ஆயிற்று. கணவாய்க்குக் கிழக்கே செங்கோட்டையிலும் இலத்தூரிலும் வாழ்ந்த அவளுடைய சகோதரிக்கு ஏட்டில் பழைய பிரிவே நின்றது. ஒரே மலையின் இரு பக்கம், ஒரே விசுவாசம், வெவ்வேறு நியாயம்.

பல திருச்சபைகளின் பிரதிநிதிகளும் பெண்கள் அமைப்புகளும் 1990-களில் இடைவிடாது முயன்றதன் பயனாக, 2001-இல் பாராளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது. அக்டோபர் 3 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கணவனுக்கும் மனைவிக்கும் காரணங்கள் ஒன்றாயின. சேர்ந்து வாழ்வது தீங்கு விளைவிக்கும் என்று நியாயமாக அஞ்சும் அளவுக்கான கொடுமை தனிக் காரணமாயிற்று. ஐந்தில் ஒரு பங்கு என்ற உச்சவரம்பு நீங்கியது. விபசாரத்திற்குக் கணவன் நட்டஈடு கேட்கும் பிரிவு மறைந்தது. எல்லா மதத்தினருக்கும் பொதுவான குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், ஆதரவற்ற மனைவிக்கான வாழ்க்கைப்படி மாதம் 500 ரூபாய்க்கு மேற்படக் கூடாது என்றிருந்த வரம்பும் அவ்வாண்டிலேயே எடுக்கப்பட்டது. 1869 முதல் 2001 வரை, அடிபட்டேன் என்ற ஒரே சொல்லைச் சட்டம் நம்புவதற்கு 132 ஆண்டுகள் பிடித்தன.

வீடு யாருடையது?

எனினும் சட்டப்படிப் பிரிய உரிமை பெற்றவள் எங்கே போவாள்? அடிபடும் பெண்களுள் பெரும்பாலோர் வெளியேறாதிருப்பதற்கு முதற்காரணம் இதுவே. கணவன் வீடு அவனுடையது, தாய்வீடு அண்ணனுடையது.

இந்தக் கேள்விக்கு நம் பகுதியில் ஒரு தனி வரலாறு உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும் வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பகுதியைச் சேர்ந்தது. சில மைல் கிழக்கே உள்ள தென்காசி சென்னை மாகாணத்தின் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தென்காசியில் உயில் எழுதாது இறந்த கிறிஸ்தவரின் மகளுக்கு, இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்குச் சமமான பங்கு. திருவிதாங்கூரின் 1916-ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டமோ, மகளுக்கு மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது என்றது. சீதனம் கொடுத்திருந்தாலோ, கொடுப்பதாக வாக்களித்திருந்தாலோ அதுவும் இல்லை. ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கமுடைய சில பிரிவினருக்கு மட்டும் விலக்கு இருந்தது.

இச்சட்டத்தை எதிர்த்து உச்சநீதிமன்றம் சென்றவர் சிரியன் கிறிஸ்தவரான மேரி ராய். கணவரைப் பிரிந்து இரு குழந்தைகளோடு வந்த அவர், உதகமண்டலத்தில் மறைந்த தந்தைக்கு உரிய வீட்டில் தங்கினார். அங்கிருந்தும் வெளியேறுமாறு சகோதரர் வற்புறுத்தினார். மணவாழ்வில் இடமிழந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலும் இடமில்லை என்ற நிலையை அவர் நேரிலே கண்டார். 1986-இல் உச்சநீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1951 முதலே திருவிதாங்கூர்ச் சட்டம் செல்லாது, இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்றது. மேரி ராய் 2022-இல் மறைந்தார். சொத்துரிமைத் தீர்ப்பாகவே அது நினைக்கப்படுகிறது. ஒரு பெண் அடிக்கு அஞ்சி ஓடிவரும்போது தட்டுவதற்கு ஒரு கதவை உரிமையோடு தந்த தீர்ப்பு என்றும் அதனைக் கொள்ளலாம்.

மணமுறிவு கேளாமலே பாதுகாப்பு

2006 அக்டோபர் 26 அன்று நடைமுறைக்கு வந்த 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் இந்த வரலாற்றின் புதிய அதிகாரம். முந்திய சட்டங்கள் அடிபட்டவளுக்கு முன் பெரும்பாலும் இரண்டு வழிகளையே வைத்தன: கணவனைச் சிறைக்கு அனுப்பு, அல்லது அவனிடமிருந்து மணமுறிவு பெறு. கத்தோலிக்க மனைவியருள் பலர் இரண்டையும் விரும்புவதில்லை. அவர்கள் கேட்பது, அடி நிற்க வேண்டும் என்பது மட்டுமே. அந்த வேண்டுகோளுக்கு முதன்முதலில் செவிசாய்த்த சட்டம் இது.

இதன்படி நீதித்துறை நடுவர் பிறப்பிக்கும் பாதுகாப்பு ஆணை, மேலும் வன்முறை செய்யாதே என்று கணவனைத் தடுக்கும். தான் வாழ்ந்த இல்லத்தில், அது யார் பெயரில் இருப்பினும், தொடர்ந்து வசிக்கும் உரிமையை மனைவிக்குத் தரும். கணவனின் பெற்றோருக்கு உரிய வீடாயினும், அவள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் இவ்வுரிமையைக் கோரலாம் என்று உச்சநீதிமன்றம் 2020-இல் தெளிவாக்கியது. மருத்துவச் செலவு, வாழ்க்கைப்படி, குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு, இழப்பீடு ஆகியவற்றையும் கேட்கலாம். ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. திருமணப் பிணைப்பை இச்சட்டம் தொடுவதில்லை. திருச்சபை பல நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்த, பிணைப்பு முறியாத பாதுகாப்பு என்ற கருத்திற்கு நாட்டின் சட்டங்களுள் மிக நெருங்கி நிற்பது இதுவே எனலாம்.

வன்முறை என்றால் அடி மட்டும் என்று இச்சட்டம் கருதுவதில்லை. உடல், பாலுறவு, சொல்லும் உணர்வும், பொருளாதாரம் என நால்வகை வன்முறையை அது குறிக்கிறது. நமது பகுதியில் நாள் முழுதும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்கள் ஏராளம். கடையில் கணக்கு முடித்து வாங்கிவரும் கூலியைக் கணவன் மதுக்கடைக்குப் பறித்துச் செல்வதும், அவளது நகையைக் கேளாமல் அடகு வைப்பதும் குடும்பத்தில் இயல்பு என்று நாம் எண்ணியிருந்தோம். சட்டத்தின் மொழியில் அவை வன்முறை. மனைவிக்கு மட்டுமன்று, தாய், சகோதரி, விதவை மருமகள் எவருக்கும் இச்சட்டத்தின் நிழல் உண்டு.

இலத்தூரில் ஒரு பெண் இதனை எவ்வாறு நாடுவாள்? மாவட்டத்தில் இதற்கென அமர்த்தப்பட்ட பாதுகாப்பு அலுவலரிடம் அவள் சொல்லலாம். தென்காசி 2019-இல் தனி மாவட்டமானதால் மாவட்ட அலுவலகங்களுக்காகத் திருநெல்வேலி வரை செல்லும் பயணம் மிச்சம். காவல் நிலையத்திலும் சொல்லலாம். நேரே நடுவரிடமும் மனுக் கொடுக்கலாம். 181 என்ற எண்ணில் தொலைபேசியிலும் உதவி கேட்கலாம். பாதுகாப்பு அலுவலர் நிகழ்ந்ததை அறிக்கையாக எழுதி நடுவருக்கு அனுப்புவார். மனு வந்த மூன்று நாட்களுக்குள் பொதுவாக முதல் விசாரணை. 60 நாட்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. நடைமுறையில் மாதக்கணக்கில் இழுபடும் வழக்குகள் உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை. ஆயினும் ஆபத்து தெரிந்தால், எதிர்த்தரப்பைக் கேட்கும் முன்னரே இடைக்கால ஆணை தர நடுவருக்கு அதிகாரம் உண்டு. தாய்வீட்டில் ஒண்டியிருப்பவள் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்ற கவலையும் வேண்டாம். வருமானம் எதுவாயினும் பெண்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவசச் சட்ட உதவி உண்டு.

இங்கே கத்தோலிக்கர் அறிய வேண்டிய மற்றொன்று: மறைமாவட்டத் திருமண நீதிமன்றம் ஒரு திருமணம் செல்லாதென்று அறிவித்தாலும், அது நாட்டின் சட்டப்படி மணமுறிவாகாது என்று உச்சநீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்துள்ளது. இரண்டும் தனித்தனிப் பாதைகள்.

இச்சட்டங்களைச் சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்ற குரலும் கேட்கிறது. எந்தச் சட்டத்திற்கும் இது நேரும். பொய் வழக்கால் முதிய பெற்றோர் அலைக்கழிக்கப்படுவது அநீதியே. அதனாலேயே 2014-இல் உச்சநீதிமன்றம், 498-ஏ போன்ற வழக்குகளில் காவல்துறை உடனே கைது செய்யாமல், கைது தேவையா என்பதை முதலில் ஆராய வேண்டும் என்று பணித்தது. ஆனால் உதவி நாடுவோர் நூற்றுக்குப் பதினான்கு பேர் மட்டுமே உள்ள நாட்டில், மிகுதியாக முறையிடுகிறார்கள் என்பதை விட, முறையிடாமலே இருந்துவிடுகிறார்கள் என்பதே பெரிய கவலை.

நான்காவது பிரிவு நம்மைக் கேட்கிறது

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு நாம் ஒவ்வொருவரும் மனத்தில் எழுதிவைக்க வேண்டியது. குடும்ப வன்முறை நடந்தது, நடக்கிறது, அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம் என்கிறது அது. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்குத் தொடர முடியாது என்றும் உறுதி தருகிறது. எவரும் என்றால் அடுத்த வீட்டார், பள்ளி ஆசிரியை, சுகாதார நிலையச் செவிலி, அன்பியப் பொறுப்பாளர், மரியாயின் சேனையாக வீடு சந்திக்கச் செல்லும் சகோதரி. கதவைச் சாத்திக்கொண்டவர்களிடம் சட்டம், திறந்து எட்டிப்பார் என்று கேட்கிறது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட "அன்பின் மகிழ்வு" என்ற ஊக்கவுரையில், மனைவி மீது கை ஓங்குவது ஆண்மையின் அடையாளமன்று, கோழைத்தனமே என்ற கருத்தை வலியுறுத்தினார். வலுவற்ற துணையையும் சிறு குழந்தைகளையும் வன்முறையினின்று காக்கப் பிரிந்து வாழ்வது சில வேளைகளில் ஒழுக்கநெறிப்படியே இன்றியமையாததாகும் என்றும் கூறினார். அனுமதிக்கப்படுவது மட்டுமன்றி, இன்றியமையாததும் ஆகலாம் என்ற அச்சொல்லின் எடையை நாம் உணர வேண்டும்.

நம் பங்குகளில் திருமணத் தயாரிப்பு வகுப்புகள் நடைபெறுகின்றன. செபம், சிக்கனம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் கற்பிக்கிறோம். 1153-ஆம் எண்ணையும் 4-ஆவது பிரிவையும் அங்கே ஒரு மணி நேரம் விளக்கினால் என்ன? அடிப்பது பாவம் மட்டுமன்று, குற்றமும் ஆகும் என்று மணமகன் மணநாளுக்கு முன்பே அறியட்டும். ஆபத்து வந்தால் எங்கே போகலாம் என்று மணமகளும் அறியட்டும். அன்பியக் கூட்டத்தில் ஒருத்தி கண்ணீரோடு வாய் திறந்தால், "பொறுத்துக்கொள்" என்று சொல்லும் முன், "இன்றிரவு நீ பாதுகாப்பாக இருப்பாயா?" என்று நாம் கேட்போமாக. சமரசம் செய்துவைப்பது நற்செயலே. ஆனால் அடித்த கையை நிறுத்தாது செய்யும் சமரசம், அடிபட்டவளைத் திரும்பவும் அதே கையில் ஒப்படைப்பதாகும்.

புனித பவுல் எபேசியருக்கு எழுதிய மடலைத் திருமணத் திருப்பலியில் வாசிக்கிறோம். மனைவி பணிந்திருக்க வேண்டும் என்ற வரி மட்டும் பல கணவர்களின் நினைவில் தங்குகிறது. கிறிஸ்து திருச்சபைக்காகத் தம்மையே கையளித்ததுபோல் கணவன் அன்புசெய்ய வேண்டும் என்பது அதே பகுதியில் உள்ளது. பணிவு இருவருக்கும் பொது என்று இரண்டாம் ஜான் பால் 1988-இல் பெண்ணின் மாண்பைக் குறித்து எழுதிய மடலில் விளக்கினார். தம்மைக் கையளித்த கிறிஸ்துவின் கைகளில் ஆணித் தழும்புகள் இருந்தன. அவர் கையால் பிறர் முகத்தில் தழும்பு ஏற்பட்டதில்லை.

சட்டம் நிலைப்படியைத் தாண்டிவிட்டது. இனித் தாண்ட வேண்டியவர்கள் அடுத்த வீட்டில் இருக்கும் நாம்.